தனியாக எடுத்து வைத்தது

பாளையங்கோட்டையில் டிசம்பர் 20 தாண்டிவிட்டால் தெருவில் எவர்சில்வர் தட்டுகள் நடமாட ஆரம்பித்துவிடும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, ஓரத்தில் ஒரு துண்டு கேக், எல்லாவற்றையும் மூடிப் பூவேலை செய்த ஒரு கைக்குட்டை. சுமந்து போவது வீட்டின் கடைக்குட்டி. ‘அம்மா குடுக்கச் சொன்னாங்க’ என்ற ஒரே வசனத்தை அது வாசலுக்கு வாசல் ஒப்பிக்கும். வாங்கிய வீட்டார் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள்; ஒரு பிடி சீனியோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் தருவார்கள். யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா ஒரு பட்டியல் வைத்திருப்பாள். சபையார் பாதி, தெருக்காரர்கள் பாதி. ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அது பேச்சாகிவிடும்.

கொடுக்கிற விஷயத்தில் எங்கள் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. தசமபாகம், பிடியரிசி, ஸ்தோத்திரக் காணிக்கை என்று சின்ன வயதிலேயே கை பழகிவிடுகிறது. இந்த ஒரு ஊருக்குள்ளேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. இரண்டும் மிஷன் பெண்மணிகள் தொடங்கியவை. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, தட்டு எதிர்த்திசையிலிருந்து வரும்போது நாங்கள் படும் பாட்டை.

திருக்கார்த்திகைக்கு எங்கள் பக்கம் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். அரிசி மாவில் கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பூ, வறுத்த பாசிப்பருப்பு, ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பச்சைப் பனையோலைக்குள் வைத்து, ஓலை நாரினாலேயே கட்டி வேகவைப்பது. பிரித்தால் கொழுக்கட்டை மேல் ஓலையின் வரி வரியான தடம் அப்படியே பதிந்திருக்கும். அந்த மணத்துக்கு மதம் கிடையாது. ஆனால் அது எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒரு மதப் பிரச்சினை ஆகிவிடும். இது சாமிக்குப் படைத்ததா? படைத்ததென்றால் சாப்பிடலாமா?

இந்தக் கேள்விக்கு எங்கள் வேதக்கார வீடுகளில் பல பதில்கள் உண்டு. சிலர் வாசலிலேயே ‘நாங்க சாப்பிடுறதில்லைங்க’ என்று கைகூப்பிவிடுவார்கள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. சிலர் கேள்வியே கேட்காமல் சாப்பிட்டுவிட்டு ஓலையை வழித்து நக்குவார்கள். எனக்குச் சகிக்க முடியாதவர்கள் மூன்றாவது ரகம். சிரித்த முகத்தோடு வாங்கி, ‘ரொம்ப நல்லாருக்கும், அக்கா கைப்பக்குவமாச்சே’ என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியதும் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளிடம் தள்ளிவிடுவார்கள். தனக்கு ஆகாத படையல் அவளுக்கு மட்டும் ஆகும் என்பது என்ன வேதாந்தம் என்று எனக்கு விளங்கியதே இல்லை. அவளும் சில வீடுகளில் நம் சபைக்காரியாகவே இருப்பாள் என்பதுதான் வேடிக்கை.

எங்கள் அடுத்த வீட்டு ஆச்சி இந்தச் சிக்கலை அவள் பக்கத்திலேயே தீர்த்துவிட்டாள். சைவப் பிள்ளைமார் வீடு. பூசையறையில் அவள் வைத்ததுதான் சட்டம். சுவரோரம் நின்று அம்மாவைக் கூப்பிடுவாள்.

“டீச்சரம்மா, இது படைக்கதுக்கு முன்னாலேயே தனியா எடுத்து வச்சது. ஒண்ணும் யோசிக்காம பிள்ளையளுக்குக் குடுங்க.”

“எதுக்கு ஆச்சி இவ்வளவு சிரமம்?”

“இதுல என்ன சிரமம்? ஒரு கிண்ணம் கூட. அவ்வளவுதான.”

ஒரு கிண்ணம் மட்டுமா கூட? முதலில் சாமிக்கு, அப்புறம்தான் மனுஷர்களுக்கு என்பது அவள் வீட்டு ஒழுங்கு. படைக்குமுன் பேரப்பிள்ளை ஒரு சுண்டலைத் தொட்டாலே கையில் ஒரு தட்டு விழும். அப்படிப்பட்டவள் எங்கள் மனச்சாட்சிக்காகத் தன் வரிசையை மாற்றிக்கொண்டாள். எங்கள் நம்பிக்கையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்கினாள். தெற்குச் சீமையில் இப்படித் தனியாக எடுத்து வைக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. இஸ்லாமிய வீடுகளுக்கும் இப்படித்தான் போகும். யாரும் இதற்குச் சமய நல்லிணக்க விழா எடுப்பதில்லை.

படையல் விஷயத்தில் எங்கள் ஆட்கள் சட்டென்று எடுத்து வீசுவது பவுலின் வசனத்தை. அந்த வசனம் வரும் கடிதத்தைப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது கி.பி. 50களில். அந்த ஊர்ச் சந்தையில் விற்ற இறைச்சியில் கோயில் பலியிலிருந்து வந்ததும் கலந்திருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கடைக்காரனைத்தான் கேட்கவேண்டும். பவுல் சொன்ன யோசனை, கேட்காதே என்பது. சந்தையில் இருப்பதை வாங்கு. விசுவாசமில்லாதவர் விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனமிருந்தால் போ, இலையில் விழுந்ததைச் சாப்பிடு. யாராவது இது படைத்தது என்று எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருக்காக விட்டுவிடு. தன் சாப்பாட்டினால் ஒரு சகோதரன் இடறுவான் என்றால் இறைச்சியையே தொடமாட்டேன் என்றும் அதே கடிதத்தில் எழுதுகிறார். எருசலேமில் கூடிய மூப்பர்கள் படைத்ததை விலக்கச் சொன்னதும் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது; ஆகவே விலக்குகிறவர்களிடமும் காரணம் உண்டு. ஆனால் பவுலை முழுசாகப் படித்தால் அவருடைய கவலை பாத்திரத்தில் இருப்பதைப் பற்றியதல்ல, எதிரே இருக்கிற ஆளைப் பற்றியது என்று தெரியும். பிரசங்கங்களில் பெரும்பாலும் பாத்திரம்தான் வருகிறது.

இன்னொன்றும் எனக்கு வெகுநாளாகத் தோன்றுவது. நாங்கள் கும்பிடுகிறவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையிலிருந்து வாங்கியவர். பிரசங்கம் பண்ணச் சீமோனின் படகு, ஊருக்குள் போக யாரோ ஒருவருடைய கழுதை, கடைசி விருந்துக்கு வேறொருவர் வீட்டு மேல்மாடி, அடக்கம் பண்ண அரிமத்தியா ஊர் யோசேப்பின் கல்லறை. கூடவே நடந்த பெண்கள் தங்கள் காசில் செலவைப் பார்த்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். சகேயுவை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்குகிறேன் என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டவர் அவர். சீகார் ஊர்க் கிணற்றடியில் உச்சிவெயிலில் உட்கார்ந்து, தம் இனத்தார் கலக்கக் கூசிய சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். மொண்டு குடிக்க அவரிடம் ஒன்றுமில்லை. யூதன் என்னிடம் கேட்பதா என்று அவள்தான் திகைத்தாள்.

ஞாயிறு பள்ளி நாடகத்தில் நல்ல சமாரியன் போடுவோம். சமாரியன் வேஷத்துக்கு அடிதடி. கள்ளர் வேஷத்துக்கும் போட்டி இருக்கும், மீசை வரையலாம் என்பதால். அடிபட்டுக் கிடப்பவன் வேஷத்துக்கு மட்டும் யாரையாவது அதட்டித்தான் படுக்கவைக்க வேண்டும். பெரியவர்களான பிறகும் நாங்கள் அந்த வேஷத்துக்குச் சம்மதித்ததாகத் தெரியவில்லை.

கிணற்றடித் தண்ணீர் என்றாலே இந்த மண்ணில் சாதி ஞாபகம் வராமல் இருக்காது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1826-இல் ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டியவர், தம்மிடம் தங்கிப் படித்த பையன்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுத்தபோது கொஞ்ச காலம் படிப்பையே நிறுத்தினார். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கோயிலையே சாதிக்கு ஒரு கை என்று இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள்; நடுவில் இருந்த தடுப்பை 1910-இல்தான் இடிக்க முடிந்தது. அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். கிறிஸ்துமஸ் பலகாரப் பட்டியலில் இன்றைக்கும் எந்தத் தெரு இருக்கிறது, எந்தத் தெரு இல்லை என்று அவரவர் வீட்டு டைரியைப் புரட்டிப் பார்த்தால் போதும். ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்.

வாங்கவும் கொடுக்கவும் தெரிந்த ஒரு வேதக்காரரைச் சொல்லச் சொன்னால் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைச் சொல்வேன். 1876-78 பஞ்சத்தில் தன் பொருளைக் கரைத்துக் கஞ்சி ஊற்றியவர். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனையே பாடினார். அது தெரிந்த கதை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சைவப் பழம், இந்தக் கிறிஸ்தவரைப் பாட்டுடைத் தலைவனாக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளையோ திருவாவடுதுறைச் சைவ மடத்துச் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிச் செய்யுள் எழுதினார். யாரும் யாரையும் மாற்றவில்லை. எனக்கு இந்தப் பரிமாற்றம்தான் பஞ்சக் கஞ்சியைவிடப் பெரிதாகப் படுகிறது. கஞ்சி ஊற்றுகிறவன் மேலே நிற்கலாம், பாட்டு வாங்கிப் பாட்டுக் கொடுக்கிறவன் பக்கத்தில்தான் நிற்க முடியும்.

தெருவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு எதிர்வீட்டுக் கேட்டை அடைத்துப் பைக்கை நிறுத்துகிறார்கள். அந்த வீட்டுக்காரர் உள்ளே வந்து தேட முடியாது. பிரசங்கம் முடியும்வரை வாசலில் நிற்கிறார். உள்ளே பிரசங்கம் பிறனை நேசிப்பது பற்றி. கேரல் ரவுண்ட்ஸ் போகிற வாலிபர்கள் ராத்திரி ஒரு மணிக்கு டிரம் அடிக்கிறார்கள். அரைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, விழித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அதே வாலிபர்கள் துஷ்டி வீடு இருக்கிற தெருவில் டிரம்மைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேச்சில்லாமல் நடந்து கடப்பதையும் பார்த்திருக்கிறேன். செத்தவர் சபையார் அல்ல. யாரும் சொல்லித்தரவும் இல்லை. துஷ்டி வீட்டில் அடுப்பு எரியாது என்பதும், முதல் தூக்குவாளிக் காப்பி பக்கத்து வீட்டிலிருந்து போகவேண்டும் என்பதும் எங்கள் ஊரில் ஞானஸ்நானத்துக்கும் முந்திய பாடங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில்தான் எங்கள் ஆட்களுக்கு நிதானம் தவறும். பக்கத்து வீட்டுக்காரர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்தால், இட்லிப் பொட்டலத்தோடு போய், மாற்றாளாக ஒரு ராத்திரி கண்விழிக்கிறவர்கள் உண்டு. கைப்பிரதியோடு மட்டும் போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அந்த வீட்டாரே, ‘உங்க ஐயரை ஒரு ஜெபம் பண்ணச் சொல்லுங்க’ என்று கேட்டுவிடுவார்கள். கேட்டால் பண்ணலாம். கேட்கவில்லை என்றால் பண்ணட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஊசி ஏறிய கையோடு படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை மனதில் வைத்தால் போதும்.

எங்கள் சேகரத்தில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் உண்டு. ஊர் மொத்தமும் வந்து உட்காரும். ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம். பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. சைவக்காரர்களுக்குத் தனி சாம்பார் வழக்கமாக உண்டு என்றாலும், ஒரே துடுப்பு இரண்டு அண்டாவுக்கும் போய்வருவது தெருவுக்கே தெரியும். அதனால் அவர்கள் வந்து ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சு என்று சொல்லிப் போவார்கள். கடைசியாக நடந்த கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சரிபண்ணியே தீருவது என்று பேச்சு வந்தது. டவுனிலிருந்து ஒரு தவசிப்பிள்ளை, அவருடைய பாத்திரம், அவருடைய கரண்டி, தனி அடுப்பு, தனிப் பந்தி.

“ஒரு இருபது முப்பது பேருக்கு இவ்வளவு செலவா?” என்றார் பொருளாளர்.

“அவங்க வீட்டுக் கலியாணத்துல நாம உக்காந்து சாப்பிடலையாய்யா?” என்றார் கோயில்பிள்ளை. கமிட்டியில் அவருக்கு ஓட்டு கிடையாது, வாய் உண்டு.

செலவு முடிவாயிற்று. அடுப்பை எங்கே போடுவது என்பதில்தான் அரைமணி நேரம் போனது. ஆனி மாதம், மேல்காற்று. கிழக்கே போட்டால் கறி வாசம் முழுக்க சாம்பாரில் வந்து விழும். மேற்கே இருப்பது சபை ஐயர் பங்களாவின் கொல்லைப்புறம். ஐயரம்மாவைக் கேட்க ஆள் போனது. அங்கே துணி காயப்போடுகிற கொடி இருக்கிறது, புகையடிக்கும், வேண்டாம் என்று முதலில் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பதிலும் வந்தது: கொடியை அவிழ்த்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும்.