இடையன்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"இந்த ஞாயிறு எங்க ஊர்க் கோயிலுக்கு என்கூட வர்றியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது, ஊர் சுற்றிக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். "அங்கே வந்து நான் என்ன செய்ய?" என்றேன்.

"சும்மா என் பக்கத்திலே உட்கார்ந்தா போதும்மா."

அப்புறம்தான் தெரிந்தது, அன்று அவர் மகளுக்கு முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்களாம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை. அக்காவின் பயம் எனக்குப் புரிந்தது.

திசையன்விளை தாண்டியதும் பஸ் ஜன்னலில் செம்மண்ணும் பனைமரமும்தான். இந்த மணல் காட்டுக்கு 1841-ல் வந்து தங்கியவர் கால்டுவெல். 1856-ல் வந்த அவருடைய ஒப்பிலக்கண நூலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் மனைவி எலைசாவைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. நாகர்கோவில் பாதிரியார் மகள். கால்டுவெல்லைக் கட்டி 1844-ல் இங்கே வந்து, பெண் பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக் கொடுத்திருக்கிறார். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. பனங்காட்டுப் பெண்களின் கையில் நாலு காசு வந்தது அப்படித்தான். ஊர் நடுவில் சிலை வைப்பதென்றால் நான் அந்த அம்மாளுக்குத்தான் வைப்பேன்!

1847-ல் தொடங்கிய கோயில் வேலை 1880-ல்தான் முடிந்ததாம். கால்டுவெல்லின் கல்லறையும் உள்ளேதான். அந்தக் காலத்தில் இது ஆங்கிலிக்கன் சபை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது.

முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். பாட்டு, பிரசங்கம் எல்லாம் ஆனபின் ஐயர் ஒரு தாளை எடுத்தார். அறிவிப்பு. சபை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது! போன வாரக் காணிக்கை இவ்வளவு. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதற்கு ஒரு பாட்டியின் ஸ்தோத்திரக் காணிக்கை பத்து ரூபாய். வியாழக்கிழமை பெண்கள் கூட்டம். பிடியரிசி கொண்டுவர வேண்டும். (தினம் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி கோயிலுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். நம் வீட்டிலும் செய்யலாமே என்று தோன்றியது.) அடுத்த மாசம் ஸ்தோத்திரப் பண்டிகை, விளைச்சலில் முதல் பங்கு ஏலத்துக்கு வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு ஜெபம். ஊர்க் கதை முழுவதும் ஒரு தாளில்.

கடைசியில் பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், மாப்பிள்ளை பெயர். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி ஐயர் நிறுத்தினார். அக்காவின் கை என் கையைப் பிடித்தது. வளையல் அழுந்தியது. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

வாசலில் முருங்கைக்காய்க்கும் முட்டைக்கும் ஏலம் நடந்தது. அக்கா யாரை நினைத்துப் பயந்தாரோ அந்தச் சித்தியே நேரே வந்து, "புள்ளைக்குப் பலகாரம் சுட என்னைக்கு வரணும்?" என்று கேட்டார். ஐயரம்மா ஒரு கருப்பட்டிச் சிப்பம் கொடுத்தார்.

பஸ்ஸில் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவேயில்லை. வீடு நெருங்கும்போது, "அடுத்த ஞாயிறு நான் தனியாவே போயிட்டு வந்துருவேன்" என்றார்.