குஞ்சு காக்கும் விராலுக்குத் தூண்டில் இல்லை

நம் நாட்டில் வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் இல்லை என்பார்கள். கித்தாத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிப்ரவரி வாக்கில் மரங்கள் இலை சிவந்து உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மங்கில் பால் குறையும், கூலியும் குறையும். பிறகு ஒரு நாள் கிளையெல்லாம் இளந்துளிர். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கும். வற்றிக் கிடந்த ஓடைகளில் நீர் ஏறும். "விரால் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே தாத்தா மூங்கில் குச்சிகளைச் சீவ உட்கார்ந்துவிடுவார்.

கடந்த ஏப்ரலில் அந்தத் தோட்டத்திற்கு மாமாவுடனும் பன்னிரண்டு வயது அக்காள் மகனுடனும் போய்வந்தேன். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான், அங்கிருந்து புக்கிட் பூத்துஸ் மலைச்சாலை, உலு பெண்டுல் காடு, கோலப்பிலா, பிறகு பகாவ். விடியற்காலையில் கிளம்பினால் காலைப் பசியாறலுக்குப் பகாவ் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த வட்டாரத்து நீருக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. ஜெம்போல் பக்கத்து ஓடைகள் மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. கொஞ்சம் தள்ளி ஓடும் செர்த்திங் ஆறோ பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு நிலத்தில் அந்தக் காலத்து வணிகர்கள் படகுகளைத் தரையில் இழுத்துச் சென்றார்கள். அதனால்தான் அந்த இடத்துக்குப் 'பெனாரிக்கான்' என்று பெயர். படகுக்கு ஆள் தேவைப்பட்டது, விராலுக்குத் தேவையில்லை. காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன் அது. ஈரத் தரையில் நெளிந்து ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும்.

மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று அழைக்கும் இந்த மீனுக்குச் செத்த இரையில் அவ்வளவு நாட்டமில்லை. அசைய வேண்டும். அதனால் பழைய வழி 'தாஜுர்'தான். மூங்கில் குச்சியைக் கரையில் சாய்வாக ஊன்றி, நூலில் உயிருள்ள சிறு தவளையைக் கோத்து, நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுவது. தவளையைத் தொடைத் தோலில்தான் கோக்க வேண்டும். உடம்பில் குத்தினால் சீக்கிரம் செத்துவிடும். அது காலை உதைக்கும்போது நீரில் எழும் சிறு வட்டங்கள்தான் விராலைக் கூப்பிடும். தவளை கிடைக்காத நாளில் பனையேறிக் கெண்டை, மலாயில் புயூ. அதை முதுகுத் துடுப்புக்குக் கீழே கோப்பார்கள். மாலையில் ஊன்றி, விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் முன் தாத்தா சுற்றிப் பார்த்துவிடுவார்.

பால் குறைந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குழம்பு அந்தக் குச்சிகளை நம்பித்தான் இருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் விரால் கொடுப்பது இங்கே மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றிலும் வழக்கம். புண் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கை. அதன் சதையில் உள்ள அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலங்களையும் நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அத்தைக்குக் குழந்தை பிறந்தது. மூன்று நாளாகத் தாத்தாவின் குச்சியில் ஒன்றும் சிக்கவில்லை. நான்காம் நாள் மாலை ஓடை வளைவில் ஒரு காட்சியைப் பார்த்தேன். நீர்மேல் செங்காவி நிறத்தில் ஏதோ ஒன்று கொதிப்பது போலிருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போயின. அதன் நடுவே தவளையைப் போட்டேன். நீர் வெடித்தது. என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

வீட்டில் எல்லாரும் கொண்டாடினார்கள். தாத்தா மட்டும் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க புடிச்ச?" என்றார். சொன்னேன். திட்டவில்லை. அத்தை சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் மாலை, "வா, ஒன்னு காட்றேன்" என்று அதே வளைவுக்கு அழைத்துப் போனார். கூட்டம் கலைந்திருந்தது. ஓரத்தில் ஏழெட்டுக் குஞ்சுகள். பனையேறிக் கெண்டைகள் பாய்ந்து பாய்ந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"பசிக்குக் கவ்வுச்சுன்னு நெனச்சியா? தவளை புள்ளைங்கள தின்ன வந்துருச்சுன்னு அடிச்சுது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்றொரு பெரிய மீன் உண்டு. விராலைப் போலவே மறைந்திருந்து பாய்ந்து கவ்வும். அதற்கும் உயிர்மீனைக் கோத்துத் தூண்டில் போடுகிறார்கள். அது முட்டையிடுவது வசந்தத்தில். மின்னசோட்டா மாநிலத்தில் அந்தச் சமயம் அதைப் பிடிக்கக் கூடாது, ஜூனில்தான் அனுமதி. இத்தனைக்கும் மஸ்கி முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிற மீன். விரால் இருந்து காக்கிற மீன். எங்கள் ஓடையில் அதற்குக் காவலாக இருந்தது தாத்தாவின் அந்த ஒரு பேச்சுதான்.

இப்போது தோட்டத்தில் கித்தா இல்லை, முழுக்கச் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியும் முருங்கை மரமும் மிச்சம். காவலாளியிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போனோம். பல இடங்களில் ஓடை காணாமல் போயிருந்தது. வளைவு மட்டும் அப்படியே இருந்தது.

மருமகன்தான் முதலில் பார்த்தான். "மாமா, அங்க பாருங்க, செவப்பா!" கையில் தவளை கோத்த தூண்டில் தயாராக இருந்தது. மாமா அவன் தோளைப் பிடித்தார். "அங்க வேணாம்டா. அது வீடு."

ஏன் என்று கேட்டான். என் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே தூண்டிலைச் சுற்றினான். ஓடையில் நூறடி கீழே போய்ப் போட்டோம். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு விரால். குழம்புக்குப் போதும். மிச்சமிருந்த தவளைகளைப் பிடித்த இடத்திலேயே விட்டோம்.

நீங்களும் பிள்ளைகளோடு போக விரும்பினால், தோட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். இடி கேட்டதும் கரையை விட்டு வந்துவிடுங்கள். லிங்கி ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் முதலையை மறக்க வேண்டாம். மின்சாரம் பாய்ச்சியோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். குஞ்சு காக்கும் விராலைப் பற்றி அதைப் போல ஊரறிந்த விதி எதுவும் இல்லை. அதை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், கோலப்பிலா தாண்டியதும், தூங்கிவிட்டான் என்று நினைத்த மருமகன் கேட்டான்: "அந்தக் குஞ்செல்லாம் பெருசாக எத்தன மாசம் ஆகும் மாமா?"

அடுத்த இலையுதிர் காலத்தில் வந்து பார்ப்போம் என்றேன்.