சுழலும் தண்டு

மோட்டார் வண்டி என்றதும் எஞ்சினைப் புகழாதவர் இல்லை. மெத்தையையும் விளக்கையும் பாராட்டாதவரும் இல்லை. ஆனால் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, வண்டியின் வயிற்றுக்கடியில், சேற்றையும் புழுதியையும் வாங்கிக்கொண்டு ஓயாமல் சுழலும் ஒரு குழாய்த் தண்டை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? உழைப்பவன் கண்ணில் படுவதில்லை என்னும் உலக வழக்குக்கு இத்தண்டும் விலக்கன்று.

பிச்சாட்டூரில் என் தந்தையார் நடத்தும் சிறு பட்டறையில்தான் நான் இதனை அறிந்தேன். 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய, ஆரணியாற்று அணைக்கட்டுள்ள ஊர் அது. பிழைப்பை நாடி அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பட்டறைக்கு வருவோரில் சிலர் தெலுங்கு பேசுவர், சிலர் தமிழ் பேசுவர். பழுது என்று வந்துவிட்டால் மட்டும் 'ஜாயிண்ட்', 'கிராஸ்', 'கிரவுன்' என்று எல்லாரும் ஒரே மொழி பேசுவர்!

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பழைய அம்பாசடர் வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்து, வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உருவான வண்டி அது. அதில் முதலில் இருந்தது 1,489 கன செ.மீ. எஞ்சின். உடையவர் அதை எடுத்துவிட்டு, பிந்திய அம்பாசடர்களில் வந்த 1,800 இசுஸு எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தியிருந்தார். தண்டு மட்டும் பழையது. குழாய் சற்றே முறுக்கிக்கொண்டிருந்தது; முன்பக்க ஜாயிண்ட் கிராஸும் ஆடியது. அவரோ வாரம் இருமுறை தம் தாயாரை மருத்துவத்துக்காகத் திருப்பதிக்கு அழைத்துச் செல்பவர்.

"குழாயே வேண்டாம் மேஸ்திரி, உருட்டுக் கம்பியாகப் போட்டு வெல்டு வைத்துவிடுங்கள். மாலைக்குள் வேண்டும்" என்றார்.

"கம்பி போட்டால் வண்டி உதறும் சார். கனத்த தண்டு வேண்டாம், பெருத்த குழாய் வேண்டும்" என்றார் தந்தையார்.

நான் வியந்தேன். இயற்பியல் நூலில் சமன்பாடாகப் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்! முறுக்கு விசையைத் தாங்குவது தண்டின் புறப்பகுதியே. நடுவிலுள்ள இரும்பு பெரும்பாலும் சும்மா சுமைதான். சுவரின் தடிப்பை மாற்றாமல் 50 மி.மீ. குழாயை 75 மி.மீ. ஆக்கினால் எடை ஒன்றரை மடங்காகும். முறுக்கைத் தாங்கும் வலிமையோ ஏறக்குறைய இரண்டேகால் மடங்காகும். மேலும், ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதை நெருங்கினால் தண்டு நடுவில் வளைந்து, கயிறுபோல் வீசத் தொடங்கும். உருட்டுத் தண்டு, அதே விட்டமுள்ள மெல்லிய குழாயைக் காட்டிலும் குறைந்த வேகத்திலேயே அந்நிலையை அடையும்.

உடையவர் விடவில்லை. "இத்தனை நாள் ஓடியதே?" என்றார்.

"ஓடியது சார். முன்பக்க ஜாயிண்ட் அறுந்தால் தண்டின் முனை கீழே விழுந்து ரோட்டில் குத்தும். வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். பின்சீட்டில் அம்மா இருப்பார்கள்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.

முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு விசை மூன்று நான்கு மடங்காகப் பெருகியே தண்டுக்கு வருகிறது. ஆகவே பெரிய எஞ்சினுக்குப் பெரிய தண்டு வேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் தந்தையார் அத்துடன் நிற்கவில்லை. தண்டை வலுப்படுத்தினால் அடுத்த மெலிந்த உறுப்பு அகப்படும் என்று கிரவுன் பற்களையும் ஆக்சிலையும் திறந்து பார்த்தார். புதிய குழாய் தரையில் உரசாமல் சுழல இடமுண்டா என்று அளந்தார். இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்று சாக்கட்டியால் குறியிட்டார்.

அக்குறிக்கும் காரணம் உண்டு. சாய்ந்து நிற்கும் ஜாயிண்ட் சீராகச் சுழலாது. ஒரு சுற்றில் இருமுறை விரையும், இருமுறை தயங்கும். பத்துப் பாகை சாய்வில் இவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவு கூடியும் குறைந்தும் வரும். இரண்டாவது ஜாயிண்டைச் சரியான நிலையில், சம சாய்வில் பொருத்தினால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பதினேழாம் நூற்றாண்டில் ஹூக் ஆராய்ந்த இணைப்பு இது. என் தந்தையார் ஹூக்கின் பெயரைக் கேட்டதில்லை.

தண்டைச் சென்னையில் ஒரு லேத் பட்டறையில் செய்து, சுழலவிட்டு எடை சமன்செய்து வாங்கி வந்தோம். முன்முனையைச் சுற்றி ஓர் இரும்பு வளையமும் பூட்டினார். என்றேனும் ஜாயிண்ட் அறுந்தாலும் தண்டு தரையைத் தொடாது. நான்கு நாள் ஆயிற்று. கூலியை உடையவர் மூன்று தவணையாகக் கொடுத்தார். அந்த அம்மையார் இன்றும் அவ்வண்டியில்தான் திருப்பதிக்குப் போய் வருகிறார்.

தோழர்களே! பட்டறையில் இருப்பது கைப்பழக்கம், பல்கலைக்கழகத்தில் இருப்பதே அறிவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பட்டறைக்காரருக்குக் காரணம் தெரியும்; அதை எழுதிவைக்கச் சொல் இல்லை. நமக்குச் சொல் உண்டு. கையில் எண்ணெய் படவில்லை. அவர்கள் அறிந்ததை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவது அறிவியல் பயிலும் நமது கடன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு பட்டறைக்குள் நுழைந்து, ஒரு தொழிலைக் கேட்டெழுதி வந்தால், அடுத்த மலரின் பக்கங்கள் போதா!