எட்டே எட்டுப் பந்து



இந்த மாசச் சுவர் இதழுக்கு உங்களுக்குப் பிடிச்சதை எழுதுங்க என்று தமிழம்மா சொன்னாங்க. நான் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். உடனே பையன்கள் எல்லாம் தோனியா, கோலியா என்று கேட்காதீர்கள். இது பெண்கள் ஆடிய கிரிக்கெட். பாதியில் படிக்கிறதை விட்டுட்டுப் போயிடாதீங்க. கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

ஆண்களுக்கு ஐ.பி.எல். போட்டி 2008-ல் ஆரம்பித்தது. பெண்களுக்கு அதே மாதிரி மகளிர் பிரீமியர் லீக் வந்தது 2023-ல்தான். நடுவில் 15 வருஷம்! ஒரு அணிக்கு 20 ஓவர், அதாவது 120 பந்து. ராத்திரி ஏழரை மணிக்கு ஆரம்பிச்சா பதினொரு மணிக்குள் முடிஞ்சிடும். 2025-ல் ஆடியவை 5 அணிகள். மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம். தமிழ்நாட்டுக்கு அதில் அணி இல்லை. சென்னையின் ஆண்கள் அணி 2023 வரைக்கும் 5 தடவை கோப்பை வாங்கியிருக்கு. பெண்களுக்கு ஒரு அணிகூட அங்கே வைக்கலையே என்று எனக்கு ரொம்ப வருத்தம்.

"அப்புறம் எதுக்குப் பார்த்தே?" என்று கேட்பீங்க. காரணம் ஜி. கமலினி. மதுரையில் பிறந்தவங்க. இடது கையால் பேட்டிங் பண்ணுவாங்க. விக்கெட் கீப்பிங்கும் செய்வாங்க. 2024 டிசம்பர் 15 அன்று பெங்களூரில் ஏலம் நடந்தது. அவங்களுக்கு வச்ச ஆரம்ப விலை 10 லட்சம். மும்பை அணி 1 கோடியே 60 லட்சம் ரூபாய் கொடுத்து எடுத்தது. அப்போ அவங்களுக்கு வயசு 16-தான். அடுத்து 2025 பிப்ரவரி 2 அன்று மலேசியாவில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயிச்சப்போ அந்த அணியிலும் இருந்தாங்க. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 56 ரன் எடுத்து கடைசி வரை அவுட் ஆகாமல் நின்னாங்க. நம்ம பக்கத்துப் பொண்ணு ஆடுறாங்கன்னா அது நம்ம அணிதானே! அதனால் அந்த வருஷம் நான் மும்பைக் கட்சி.

பிப்ரவரி 15, முதல் ஆட்டமே டெல்லியோடு. கடைசிப் பந்தில் மும்பை தோத்துப் போச்சு. எனக்கு அன்னைக்குச் சாப்பாடே இறங்கலை. 18-ஆம் தேதி குஜராத்தோடு நடந்த ஆட்டத்தில் கமலினியை இறக்கினாங்க. அதுவரைக்கும் அந்த லீக்கில் ஆடியவங்களிலேயே சின்ன வயசு அவங்கதான். அந்த ஆட்டத்தை மும்பை ஜெயிச்சது.

இப்போ நான் சொல்ல வந்த ஆட்டம். பிப்ரவரி 21, பெங்களூரு மைதானம், எதிரணி முந்தின வருஷச் சாம்பியன் பெங்களூரு. கூட்டம் முழுக்க அவங்க பக்கம். எங்க வீட்டு டி.வி.யில் சீரியல் ஓடினதால் நானும் தம்பியும் சித்தப்பா போனில் பார்த்தோம். பெங்களூரு 167 ரன். மும்பை கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் 50 ரன், இங்கிலாந்திலிருந்து வந்த நேட் சிவர்-பிரண்ட் 42 ரன் எடுத்தாங்க. ஆனா ரெண்டு பேரும் அவுட். மொத்தம் 6 விக்கெட் போயாச்சு. பெரிய ஆளுங்க எல்லாம் வெளியில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாங்க. உள்ளே நிக்கிறது அமன்ஜோத் கவுரும் நம்ம கமலினியும். அமன்ஜோத்தோட அப்பா தச்சு வேலை செய்றவர். சின்ன வயசில் அவங்களுக்கு முதல் பேட்டை அவரே மரத்தில் செதுக்கிக் கொடுத்தாராம். நாங்க தெருவில் தென்னை மட்டையில் ஆடுறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி!

கமலினி அன்னைக்குச் சந்திச்சது எட்டே எட்டுப் பந்து. எடுத்தது 11 ரன். ஒரு பந்து மீதி இருக்கும்போது வெற்றி ரன்னை அடிச்சது அவங்கதான். நானும் தம்பியும் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

மார்ச் 11-ல் மறுபடியும் பெங்களூரோடு ஆட்டம். அதில் ஜெயிச்சிருந்தால் மும்பை நேரா இறுதிப் போட்டிக்குப் போயிருக்கலாம். 11 ரன்னில் தோத்தாங்க. ரெண்டே நாளில் குஜராத்தோடு இன்னொரு ஆட்டம், தோத்தால் வீட்டுக்குப் போகணும். அதில் 213 ரன் குவிச்சு 47 ரன்னில் ஜெயிச்சாங்க. மார்ச் 15 மும்பையில் இறுதிப் போட்டி. 14 ரன்னுக்கே 2 விக்கெட் காலி. ஹர்மன்பிரீத் 44 பந்தில் 66 ரன் எடுத்துத் தூக்கி நிறுத்தினாங்க. மும்பை 149, டெல்லி 141. எட்டு ரன்னில் கோப்பை! நேட் சிவர்-பிரண்ட் தொடர் முழுக்க 523 ரன். ஹேலி மேத்யூஸும் அமேலியா கெரும் ஆளுக்கு 18 விக்கெட். டெல்லிப் பொண்ணுங்களை நினைச்சாலும் பாவமா இருந்தது. மூணு வருஷமும் பட்டியலில் முதலிடம், மூணு வருஷமும் இறுதிப் போட்டியில் தோல்வி.

இத்தனை பெரிய கணக்கில் எனக்கு மறக்காமல் நிக்கிறது அந்த எட்டுப் பந்துதான். 523 ரன் எங்கே, 11 ரன் எங்கே என்று தம்பி கேலி பண்றான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த எட்டுப் பந்தைக் கை நடுங்காமல் ஆட, அதுக்கு முன்னாடி எத்தனை ஆயிரம் பந்து ஆடியிருக்கணும்? அதுக்கு மைதானத்தில் யாராவது இடம் விட்டிருக்கணும். பதினாறு வயசுப் பொண்ணை நம்பி அணியில் யாராவது இறக்கியிருக்கணும்.

இப்போ நம்ம மைதானத்துக்கு வர்றேன். போன மாசம் ஒரு வாரம் முழுக்க நோட்டில் எண்ணிப் பார்த்தேன். விளையாட்டு வேளையிலும் சாயந்திரத்திலும் நடு மைதானத்தில் பையன்கள். வேப்ப மரத்தடியில் ரிங் பாலோடு நாங்கள். அந்த வாரம் என் கையில் பேட் வந்து நான் ஆடியது 6 பந்து. அதுவும் பையன்கள் தண்ணி குடிக்கப் போனப்போ. நாங்க பையன்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டது 31 தடவை! சண்டைக்காக இதை எழுதலை. பள்ளியில் இருக்கிறது ஒரு மைதானம், பி.டி. சார் ஒருத்தர், பேட் ஒண்ணு. அது எங்களுக்கும் தெரியும்.

வீட்டிலும் எனக்கு வழி லேசாக இல்லை. "வயசுப் புள்ள வெயில்ல ஓடினா கறுத்துப் போயிடுவே, அப்புறம் எவன் கட்டுவான்" என்பாங்க ஆயா. அம்மா அப்படிச் சொல்ல மாட்டாங்க. "அடுத்த வருஷம் பத்தாவது. ஆட்டம் பாட்டம் எல்லாம் இந்த வருஷத்தோட சரி" என்று மட்டும் சொல்லிட்டாங்க. அப்படிப் பார்த்தால் எனக்கு இன்னும் சில மாசம்தான் இருக்கு.

ஆனா 2025 நவம்பர் 2 ராத்திரி, பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஆயாவும் முழிச்சிருந்து பார்த்தாங்க. தென்னாப்பிரிக்கா கேப்டன் தூக்கி அடிச்ச பந்து அமன்ஜோத் கையில் பட்டு நழுவி, நழுவி, மூணாவது தடவைதான் பிடிபட்டது. ஆயா எழுந்து நின்னுட்டாங்க. "அந்தப் புள்ள புடிச்சிடுச்சாடி?" என்று என்னைத்தான் கேட்டாங்க. இந்தியா 52 ரன்னில் ஜெயிச்சது. மறுநாள் அந்தக் கேப்டன் எந்த ஊருன்னு விசாரிச்சாங்க. பஞ்சாப்னு சொன்னேன்.

எங்கப்பா தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்க்கிறார். நம்ம விருத்தாசலத்தில் பாதி வீட்டுக்கு அந்த வேலை தெரியும். அச்சில் வார்த்து எடுத்த அகல் விளக்கும் பொம்மையும் பார்க்க முழுசாத்தான் இருக்கும். தண்ணி பட்டால் கரைஞ்சிடும். சூளையில் அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தி எடுத்தால்தான் கெட்டிப்படும். நான் இந்த மைதானக் கதையைச் சொன்னப்போ அப்பா சொன்னார்: "சூளைக்குள்ள அதுக்கும் ஒரு இடம் வேணும்மா. வெளியிலேயே வச்சிருந்தா அது எப்பவும் பச்சை மண்ணுதான். போய் டீச்சர்கிட்ட கேளு."

அதனால் கேட்கிறேன். தலைமையாசிரியர் அவர்களே, பி.டி. சார் அவர்களே, செவ்வாயும் வியாழனும் சாயந்திரம் மணி அடிச்ச பிறகு ஒரு மணி நேரம் நடு மைதானத்தைப் பெண்களுக்குத் தர வேண்டுகிறோம். மற்ற நாட்கள் பையன்களுக்கே இருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை இதுவரை 14 பேர் சேர்ந்திருக்கிறோம். டென்னிஸ் பந்து ரெண்டு நாங்களே காசு போட்டு வாங்கிக்கிறோம். பேட்டை மட்டும் அந்த ரெண்டு நாள் கொடுங்க. இருட்டுறதுக்குள்ள கூட்டமாகவே வீட்டுக்குப் போயிடுவோம்.

அண்ணன்களே, தோழர்களே, உங்களில் நல்லா பந்து போடத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. பாவம் பார்த்து மெதுவாப் போட வேண்டாம். ஆண்டு விழாவுக்கு முன்னாடி உங்களோடு ஒரு ஆட்டம் வச்சுக்கலாம். பத்து ஓவர் போதும்.

தோழிகளே, சேர விரும்புறவங்க இந்தத் தாளுக்குக் கீழே பேரும் வகுப்பும் எழுதுங்க. பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். எழுதிட்டு அங்கேயே விட்டுட்டுப் போங்க, அடுத்தவங்களுக்கு வேணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி