துளை பார்த்து வாங்கியது

புகைபிடிக்கும் பைப் வாங்கப் போகிறவர்கள் முதலில் புகையிலை நிரப்பும் கிண்ணத்தைப் பார்ப்பார்கள். மரத்தில் ரேகை எப்படி ஓடுகிறது, மெருகு எப்படி மின்னுகிறது, கழுத்தில் வெள்ளி வளையம் உண்டா, எந்தக் கம்பெனி முத்திரை என்று கண் அங்கேயே சுற்றும். என் தாய்மாமா அதையெல்லாம் கடைசியில்தான் பார்ப்பார். பைப் கைக்கு வந்ததும் மவுத்பீஸைத் திருகிக் கழற்றி, தண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்ப்பார். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். விஜயந்தா டாங்கிகள் உருவான அந்த இடத்தில் லேத் முன்னால் நின்றே அவருடைய நல்ல வயது முழுக்கப் போயிற்று. துளை நேராக இருக்கிறதா, கோணிக்கொண்டதா என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறைந்த பணத்தில் நல்ல பைப்பைத் தேர்ந்தெடுக்க நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். "ரேகைக்குத் தனி விலை, பேருக்குத் தனி விலை. புகை போறது துளையிலடா" என்பார். அவர் ஒதுக்கியிருந்த தொகை 1,500 ரூபாய். பைப், அதைச் சுத்தம் செய்யும் சாமான், பழுது பார்க்கும் கூலி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பென்ஷனில் வாழ்கிறவர் போட்ட கணக்கு. அதை மீறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீடு திருமழிசையில், ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஆழ்வார் பிறந்த ஊர் என்று பக்தர்கள் அறிவார்கள். சிட்கோ தொழிற்பேட்டை உள்ள ஊர் என்று வேலை தேடுகிறவர்கள் அறிவார்கள். பைப்புக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு எதுவும் கிடையாது. தமிழ்நாட்டுக்கே அப்படித்தான். உறையூர் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கடல் கடந்து போயின; ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றியே பல குடும்பங்கள் பிழைத்தன. பைப் மட்டும் நம் கைக்கு வரவேயில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களில் பட்டு கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிற பணக்கார அப்பாவின் கையில் பார்த்ததோடு சரி. மாமாவுக்கு அது வந்தது அவருடைய ஃபோர்மேனிடமிருந்து. ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் அந்த மனிதர் அவசரமில்லாமல் புகையிலையை விரலால் உதிர்த்து நிரப்புவாராம். அந்த நிதானம் பிடித்துப்போய் மாமா சென்னை மூர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது; அங்கே வாங்கிய பைப் அதற்கப்புறமும் வெகுகாலம் உழைத்து, கடைசியில் கிண்ணம் வெடித்து நின்றது.

அத்தைக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது. நியாயம் அவர் பக்கம்தான். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பைப் கெடுதல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது உண்மையில்லை. உதடு, நாக்கு, வாய், தொண்டை என்று புகை தங்குகிற இடமெல்லாம் புற்றுநோய்க்கு இடம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு உறவினர் ஒருவருக்காக நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். புகையிலை என்ன செய்யும் என்று அந்த வராந்தாவில் தெரிந்துகொண்டதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. பழக்கமே இல்லாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்குவாரானால் எனக்கு வருத்தமாக இருக்கும். மாமா எழுபதைத் தாண்டியவர், தெரிந்தே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு கிண்ணம் பிடிக்கிறவர். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்ததிலிருந்து தெருத் திண்ணையையும் விட்டுவிட்டார். மொட்டை மாடிதான், அதுவும் பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு.

சரி, 1,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே புதிய பைப் வருகிறது. ஈட்டி மரம், ஏதோ ஒரு பழுப்பு மரம், மேலே பித்தளைப் பூ, கண்ணாடி மாதிரி வார்னிஷ். மேசை மேல் வைக்க அழகான பொருள். நெருப்பு வைக்க உகந்ததல்ல. வார்னிஷ் சூட்டில் கொப்பளிக்கும். மரத்தின் எண்ணெய் வாசம் புகையில் ஏறும். சில நாளில் உட்சுவர் கருகிக் குழிவிழும். பைப்புக்கென்று உலகம் கண்டுபிடித்த மரம் பிரையர். மத்தியதரைக்கடல் ஓரத்து வறண்ட சரிவுகளில் வளரும் ஒரு புதர்ச்செடி அது. வேருக்கும் தண்டுக்கும் நடுவே பந்துபோல் ஒரு முடிச்சு திரளும். அதை வெட்டியெடுத்து, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகுதான் கடைவார்கள். சூட்டைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும், எளிதில் பற்றாது. பிரான்சில் ஜூரா மலைப்பக்கத்து செயின்ட் க்ளோட் என்ற ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. அப்படிப்பட்ட பைப் புதிதாக இங்கே வந்து சேரும்போது பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது.

ஏழைக்கென்று ஒரு பைப் அமெரிக்காவில் இருக்கிறது. மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் மக்காச்சோளக் கதிரின் சக்கையைக் குடைந்து பைப் செய்கிறார்கள். சக்கையை இரண்டு வருடம் உலர்த்தி, வெளியே பிளாஸ்டர் பூசித் தேய்த்து எடுப்பார்கள். லேசானது, முதல் நாளிலிருந்தே நன்றாகப் புகையும், அங்கே சில டாலர்தான். பெரம்பலூரில் மலைபோல் மக்காச்சோளம் விளைகிறது, சக்கையை எரித்துவிடுகிறோம், நம்மில் யாராவது செய்து பார்த்திருக்கலாமே என்று மாமா ஆதங்கப்படுவார்.

ஆகப் பழைய பைப்தான் வழி. மூர் மார்க்கெட் போன பிறகு பழைய சாமானுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பூந்தமல்லியில் பஸ் ஏறி, குன்றத்தூர், பம்மல் வழியாகப் போய் இறங்கினோம். பழைய கேமரா, கிராமபோன் குழல், கடிகாரம், பித்தளைச் சாமான், பழைய காசு, நாய்க்குட்டி, செடி, புறா. எதைத் தேடிப் போனாலும் வேறொன்றில் கண் நின்றுவிடும். பைப்புகள் தனியாக இருக்காது. பேனாக் கத்தி, உடைந்த மூக்குக்கண்ணாடி, லைட்டர் எல்லாம் கொட்டிக்கிடக்கும் துணியில் இரண்டு மூன்று கிடக்கும். ஒரு கடையில் நான்கு கிடந்தன. கடைக்காரர், வெள்ளைப் புள்ளி வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இது டன்ஹில் சார், லண்டன். வெள்ளக்காரன் வச்சிருந்தது." மாமா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "புள்ளிய யார் வேணா வைக்கலாம் தம்பி. சென்டர் அவுட்டா இருக்கு."

அவர் பார்த்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். காசு மிச்சமானது அங்கேதான்.

பையில் கொண்டுபோயிருந்த பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, மவுத்பீஸ் வழியாக உள்ளே விட்டார். மவுத்பீஸைக் கழற்றாமலே அது கிண்ணத்தின் அடிவரை போய்ச் சேர வேண்டும். நடுவில் முட்டினால் இரண்டு துளையும் ஒன்றுக்கொன்று நேர் இல்லை. அந்த முட்டுகிற இடத்தில் நீர் கோத்து, பிடிக்கும்போது களகளவென்று சத்தம் வரும், நாக்கில் கசப்பு இறங்கும். அடுத்து, துளை கிண்ணத்துக்குள் எங்கே திறக்கிறது என்று விரல் விட்டுத் தடவினார். அடியோடு அடியாக, நடுவில் திறக்க வேண்டும். மேலே ஏறித் திறந்தால் அதற்குக் கீழே இருக்கிற புகையிலை எரியாமல் ஈரக்கட்டியாகத் தங்கிவிடும். துளை நாலு மில்லிமீட்டர் குறுக்களவில் இருந்தால் இழுக்க இதமாக இருக்கும். குறுகலாக இருந்தால் பலமாக இழுப்போம், பலமாக இழுத்தால் நெருப்பு மூண்டு நாக்கு சுடும்.

பிறகு சுவர். கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வைத்துக் கனம் பார்த்தார். மெல்லிய சுவர் கை சுடும், சீக்கிரம் ஓட்டை விழும். வெளியே எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே நெருப்பு மரத்தைத் தின்றுகொண்டு வருகிறது என்று பொருள். அதைத் தொடவே கூடாது. உள்ளே படிந்திருக்கும் கரி கொஞ்சம் இருப்பது நல்லது, மரத்துக்குக் காப்பு. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்துப்போனால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். மாமாவின் மூர் மார்க்கெட் பைப் அப்படித்தான் போயிற்று.

மெருகேறிய பைப்பை அவர் ஒதுக்கியதற்கும் காரணம் உண்டு. பிரையர் முடிச்சு மண்ணில் வளரும்போது மணலும் சின்னக் கல்லும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். கடையும்போது அந்தக் குழிகள் வெளியே தெரியும். குழியே இல்லாத வழவழப்பான கிண்ணம் அபூர்வம், அதனால்தான் விலை. குழியிருப்பதைச் சிலர் பட்டி வைத்து அடைத்து மெருகு போட்டு விற்பார்கள். சூடு பட்டதும் பட்டி உதிரும். நேர்மையான வழி, மேற்பரப்பையே கொத்திச் சொரசொரப்பாக்கிவிடுவது. குழி அதில் மறைந்துபோகும், மரத்துக்கும் கெடுதல் இல்லை, துளை போட்ட கை அதே கைதான். சொரசொரப்பில் பரப்பு கூடுவதால் கைக்குச் சூடும் குறைவாகத் தெரியும். குறைந்த காசுக்காரன் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான் என்பது மாமா கட்சி. நானும் அந்தக் கட்சிக்கு வந்துவிட்டேன்.

அந்த நான்கில் ஒன்று அப்படியிருந்தது. வளைந்த தண்டு, சொரசொரத்த கிண்ணம், அடியில் பாதி அழிந்த எழுத்தில் 'பிரையர்' என்பது மட்டும் படிக்க வந்தது. மவுத்பீஸ் பச்சைப் பாசி பிடித்தமாதிரி நிறம் மாறி, நுனியில் பல் தடம் ஆழமாகப் பதிந்து ஓட்டையே விழுந்திருந்தது. கடைக்காரருக்கே அது பிடிக்கவில்லை. ஆயிரத்தில் ஆரம்பித்தார்.

"மவுத்பீஸே போச்சே தம்பி, இதுக்கு ஆயிரமா?"

"எவ்ளோ குடுப்பீங்க, நீங்களே சொல்லுங்க பெரியவரே."

"முந்நூறு."

"கட்டாது சார். பழைய பொருள், திரும்பக் கிடைக்காது."

நானூறுக்கு முடிந்தது. அதற்குள் மாமா இரண்டு தடவை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

மவுத்பீஸ் எபோனைட். ரப்பரை நிறைய கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் கறுத்து இறுகி, கொம்புபோல் ஆகும். கடிக்க மெத்தென்று இருக்கும், லேத்தில் வெண்ணெயாகக் கடையலாம். வெயிலும் ஈரமும் பட்டால் உள்ளிருக்கும் கந்தகம் மேலே வந்து பச்சை கலந்த பழுப்பாகும். அது மேல்தோல் சமாசாரம், நீர் எமரி தாளில் தேய்த்தால் போய்விடும். ஓட்டை விழுந்ததற்கு வேறு வழியில்லை, புதிதாகக் கடைந்தாக வேண்டும். அக்ரிலிக்கில் செய்தால் நிறம் மாறாது, ஆனால் பல்லுக்குக் கல்லைக் கடிப்பதுபோல் இருக்கும், இந்த வயதில் வேண்டாம் என்றார் மாமா.

இந்த வட்டாரத்துக்கு எபோனைட் புதிதல்ல. திருமழிசையிலிருந்து மேற்கே போனால் திருவள்ளூர். அங்கே ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கோலைக் கையால் கடைந்து செய்கிற மைப்பேனாவுக்கு வெளிநாட்டிலெல்லாம் ஆள் காத்திருக்கிறார்கள். மாமா கறுப்புக் கோல் துண்டு ஒன்றைத் தெரிந்தவர் மூலம் வரவழைத்தார். தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றில், அவரிடம் ஒரு காலத்தில் அப்ரண்டிஸாக இருந்த பையன் இப்போது முதலாளி. ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் போனோம். தண்டுக்குள் நுழைகிற முனையைப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டராகக் குறைத்துக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் பொருத்திப் பார்த்தார் மாமா. இறுகலாக இருந்தால் ஒருநாள் தண்டு விரிசல் விடும், தளர்வாக இருந்தால் காற்றுப் போகும். முனைக்கும் தண்டின் அடிக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது, அங்கேதான் நீர் தங்கும். பிறகு கொதிநீரில் காட்டி, தண்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்தார். உள்ளே மெல்லிய கம்பியை விட்டுத்தான் வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை நசுங்கிவிடும். அந்தப் பையன் கூலி வாங்க மறுத்தான். மாமா விடவில்லை, இருநூறை மேசை மேல் வைத்து, அதன் மேல் வெர்னியரை வைத்துவிட்டு வந்தார்.

சுத்தம் செய்வது வீட்டு வேலை. யார் வாய் வைத்ததோ என்கிற அருவருப்பு இருந்தால் பழைய பைப் பக்கமே போகக் கூடாது. கிண்ணத்தில் பஞ்சை நிரப்பி, மருந்துக்கடை ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு ராத்திரி வைத்தால் பழைய தாரெல்லாம் பஞ்சில் ஏறிவிடும். உப்பு போடச் சொல்வார்கள். மரத்துளைக்குள் உப்பு ஊறித் தண்டு வெடிக்கலாம் என்பதால் பஞ்சே மேல். கம்பி வெள்ளையாக வெளியே வரும்வரை துளையைத் துடைத்து, வாசம் முழுக்கப் போகும்வரை நாள்கணக்கில் காற்றாட விட வேண்டும். பைப் கிளீனரை ஸ்டேஷனரிக் கடையில் பள்ளிக் குழந்தைகளின் கைவேலைக்காகக் கலர் கலராக விற்கிறார்கள். அது செயற்கை இழை, ஈரம் உறிஞ்சாது, பஞ்சு சுற்றியதுதான் வேண்டும். புகையிலையை அமுக்க மாமா தலை தட்டையான ஒரு பழைய போல்ட்டைக் கடைந்து வைத்திருக்கிறார்.

எல்லாம் போக எழுநூறு ரூபாய்க்குக் கிட்ட மிச்சம் இருந்தது. அதைப் புகையிலைக்கு வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாமா வேறு கணக்கு வைத்திருந்தார். பிடித்த பைப்பில் ஈரம் ஊறியிருக்கும். அடுத்த நாளே மறுபடி பற்றவைத்தால் மரம் புளித்துப் புகை கசக்கும், ஆயுளும் குறையும். ஒரு நாளாவது ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று என்பதைவிட தலா எழுநூறு சொச்சத்துக்கு இரண்டு என்பதே சரி என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டுத்தான் சந்தைக்கு வந்திருக்கிறார். அடுத்தது நேர்த்தண்டாகப் பார்க்க வேண்டும் என்கிறார்; நேர்த்தண்டில் கம்பி தடையில்லாமல் போகும், கடைவதும் சுலபம். வெள்ளிக்கிழமை மழை இல்லையென்றால் பல்லாவரம் போகிறோம். அந்த வெள்ளைப் புள்ளிக்காரர் அதை இன்னும் விற்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.