சாயமும் மஞ்சளும்

பம்மல்வாசிகளான எங்களுக்குக் காசநோய் அயலூர்ச் சமாசாரமல்ல. டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். அன்று நல்ல காற்றும் ஓய்வும் ஆகாரமுமே வைத்தியம். இன்று ஆறு மாத மாத்திரையில் நோய் தீர்கிறது.

எங்கள் தெருத் தையற்காரர் மாத்திரை தொடங்கிய மறுநாளே, "சார், நீர் ஆரஞ்சா போகுதே!" என்று பதறினார். அது ரிபாம்பிசினின் சாயம், பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் தேற்றி அனுப்பினார்கள்.

ஐந்தாவது வாரம் சோற்றைக் கண்டாலே அவருக்குக் குமட்டியது. கண்ணும் மஞ்சளாயிற்று. அதையும் சாயக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார் மனிதர்! மனைவி கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தாள். மாத்திரையும் தவறாமல் உள்ளே போயிற்று.

ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை. குடிப்பழக்கம் இருந்தால் ஆபத்து அதிகம். டாக்டர் மூன்றையும் நிறுத்தினார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தேறியது தெரிந்த பிறகு, ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்தார். தையற்காரர் பிழைத்தார், மார்புச்சளியும் தீர்ந்தது.

சாயம் கண்ணீரில்கூட வரலாம். ஆனால், கண்ணின் வெள்ளை மஞ்சளானால் அது கல்லீரலின் முறையீடு. அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன் டாக்டரிடம் போய்விட வேண்டும். நாமாகவே மருந்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலோ, கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். வேலியோரத்துக் கீழாநெல்லியைக் குறை சொல்லவில்லை. அதை நம்பி நாள் கடத்துவதைத்தான் சொல்கிறேன்.