ஜாமீனுக்குப் பின்னும் ஒரு பூட்டு

2020இல் தப்லீக் பயணமாக வந்திருந்த வெளிநாட்டு முஸாபிர்கள் 31 பேருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆயினும் அவர்கள் புழல் சிறப்பு முகாமில் அடைபட்டிருந்தனர். ஜாமீன் நீதிமன்றம் தருவது. முகாமோ அன்று நடப்பிலிருந்த 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டப்படி அரசு இட்ட ஆணை. அதனைத் தனியே எதிர்க்க வேண்டியிருந்தது. செண்பகத்தோப்பு அருகே நம்மிடம் ஓதி, பின்னர் வழக்கறிஞரான பிள்ளைகளுக்கே இவ்வேறுபாடு புதிதாயிருந்தது. ஆகவே அவ்வழக்கை அவர்களுடன் அமர்ந்து வாசித்தோம்.

அவ்வாண்டு ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் குற்ற வழக்குகளை முடித்து, அவர்கள் தாயகம் திரும்ப வழிசெய்தார். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது; 21ஆம் பிரிவோ ‘எந்த நபரும்’ என்பதால் வெளிநாட்டவரும் அதில் அடங்குவர். ஒரு சொல்லால் சட்டம் மாறுவது ஃபிக்ஹ் ஓதியவர்க்குப் பழக்கம்தானே!

நம் மாவட்ட வழக்குகளும் அக்கிளைக்கே செல்கின்றன. முகாம் ஆணைக்கு எதிரான மாதிரி மனு ஒன்றை அடுத்த அமர்வுக்கு அவர்களையே எழுதி வரச் சொல்லியிருக்கிறோம்.